பழைய இரட்டை ஜியான் பெட்டியா, புதிய ஆறு கோர் பிராசசரா? குறைந்த செலவில் மோஷன் கிராஃபிக்ஸ் கணினி

வாசகர் கேள்வி, 4 மே 2025

எட்டு ஜி.பி. ரேம் உள்ள மடிக்கணினியில் மூன்று ஆண்டுகளாக ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் (எழுத்தையும் உருவங்களையும் அசையவைக்கும் மென்பொருள்) பிரீமியரிலும் (வீடியோ எடிட்டிங் மென்பொருள்) வேலை செய்துவருகிறேன். இனி அதோடு மல்லுக்கட்ட முடியாது. கையில் இருக்கும் பணம் குறைவு. ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒர்க்ஸ்டேஷன் ஒன்று கிடைக்கிறது. இரண்டு ஜியான் இ5-2680 வி4 பிராசசர், மொத்தம் 28 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்), 56 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்), 64 ஜி.பி. ரேம். அதே பணத்துக்குப் புதிதாக வாங்கினால் ஆறு கோர்தான் வரும். 28 கோர் வேகமாக இருக்கும் என்பதே என் வாதம். மிச்சப் பணத்தில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டுவிடலாம். இதில் எங்கே தவறு?

பதில், 4 மே 2025, மாலை

வாதத்தில் பாதி சரி. எல்லாக் கோர்களையும் நிரப்பிக்கொண்டு ஓடும் வேலைகளில், உதாரணமாக முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரை (காட்சியை இறுதிப் படமாக்கும் கணக்கீடு) பிராசசரிலேயே ஓட்டும்போது, அந்தப் பெட்டி இன்றைய ஆறு கோர் பிராசசரை முந்திவிடும். ஆனால் மோஷன் கிராஃபிக்ஸ் செய்பவரின் நாள் ரெண்டரில் கழிவதில்லை. ஒரு லேயரைப் பிடித்து இழுப்பது, கீஃப்ரேமை (அசைவு தொடங்கும் அல்லது முடியும் இடத்தின் குறி) இரண்டு ஃப்ரேம் தள்ளிவைப்பது, மறுபடியும் ஓட்டிப் பார்ப்பது என்று அது கழிகிறது. அந்த நேரத்தில் கணினி எவ்வளவு விரைவாகப் பதில் சொல்கிறது என்பதைப் பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகம்தான் தீர்மானிக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டால், 2016இல் வந்த அந்த ஜியானின் வேகம் 2022இல் வந்த கோர் ஐ5-12400இன் வேகத்தில் ஏறத்தாழப் பாதிதான்.

2021 அக்டோபரில் வந்த 22.0 பதிப்பிலிருந்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒரே நேரத்தில் பல ஃப்ரேம்களை வெவ்வேறு கோர்களில் ரெண்டர் செய்கிறது. எனவே கோர்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே நேரத்தில் ரெண்டர் ஆகும் ஒவ்வொரு ஃப்ரேமும் தனக்கென ரேம் கேட்கும். ரேம் போதவில்லை என்றால் மென்பொருளே ஃப்ரேம்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். 56 த்ரெட்டுக்கும் வேலை கொடுக்கும் அளவுக்கு 64 ஜி.பி. வராது.

நானே இதைப்போன்ற இரட்டைப் பிராசசர் பெட்டி ஒன்றை வாங்கி ஒன்றரை ஆண்டு வைத்திருந்தேன். இரவில் ரெண்டரைப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வேலை முடிந்திருக்கும், அதில் குறையே இல்லை. பகலில் எக்ஸ்பிரஷன் (அசைவைக் கணக்கிடும் சிறு நிரல்வரிகள்) நிறைந்த ஒரு காம்பை (லேயர்களைச் சேர்த்து அமைத்த காட்சி) திறந்து ஒரு எழுத்தை நகர்த்தினால், சுட்டி போன பிறகு ஒரு மூச்சு விட்டுத்தான் எழுத்து வந்து சேரும். அந்த ஒரு மூச்சு ஒரு நாளில் ஆயிரம் முறை வரும்.

இன்னும் இரண்டு தடைகள் உள்ளன. இத்தகைய பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்தந்தக் கம்பெனியின் தனி வடிவத்தில் இருக்கும், கெட்டால் பொதுச் சந்தைப் பொருள் பொருந்தாது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் பிராசசர் பட்டியலில் அந்த ஜியான் இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவோ இந்த ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது.

5 மே 2025

எதையும் வாங்குவதற்கு முன்பு, இப்போதுள்ள மடிக்கணினியில் உங்கள் வேலை எங்கே காத்து நிற்கிறது என்று அளந்துவிடுங்கள். வழக்கமாகச் செய்யும் காம்ப் ஒன்றில் பத்து விநாடியை ரெண்டருக்குப் போட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துப் பிராசசர், ரேம், டிஸ்க், ஜி.பி.யு. (கிராஃபிக்ஸ் சிப்) என்ற நான்கில் எது நிரம்பி நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் டைம்லைனின் கீழ் ஓரத்தில் நத்தை உருவம் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஒவ்வொரு லேயரும் ஒவ்வொரு எஃபெக்ட்டும் எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்பது தெரியும். வன்பொருளை மாற்றாமலே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு லேயர் அங்கே அகப்படுவதும் உண்டு.

9 மே 2025

அளந்து எழுதியதற்கு நன்றி. ரேம் 97 சதவீதம், டிஸ்க் இடைவிடாமல் 100 சதவீதம், பிராசசர் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. உங்கள் நான்கு கோர் பிராசசரே ரேமுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்குகிறது, உங்கள் மூன்று ஆண்டுப் பொறுமை அங்கேதான் கரைந்திருக்கிறது.

எவ்வளவு ரேம் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பெருக்கிப் பார்க்கலாம். 1920×1080 அளவுள்ள ஒரு ஃப்ரேமில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்று நான்கு மதிப்புகள் இருக்கின்றன. 8 பிட்டில் அது ஏறத்தாழ 8.3 எம்.பி., 16 பிட்டில் 16.6 எம்.பி. விநாடிக்கு 25 ஃப்ரேம் வீதம் 30 விநாடிக்கு 750 ஃப்ரேம். எனவே 16 பிட்டில் அரை நிமிடப் பிரிவியூ மட்டும் 12.4 ஜி.பி. கேட்கும். அதே காம்ப் 3840×2160 என்றால் நான்கு மடங்காகி 49.8 ஜி.பி. ஆகும். இறுதிப் படம் மட்டுமல்லாமல் இடைப்பட்ட லேயர்களும் அதே இடத்தில் சேமிக்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிரிவியூ ஓடும்போது டைம்லைனின் மேல்விளிம்பில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு வலப்பக்கமாக வளர்ந்துகொண்டே போகும். அந்த ஃப்ரேம்கள் ரேமில் உள்ளன என்பதற்கு அது அடையாளம், நீலக் கோடு டிஸ்க்கில் உள்ளவற்றுக்கு. எட்டு ஜி.பி. கணினியில் பச்சை ஏதோ ஓர் இடத்தில் வளர்வதை நிறுத்திவிடும், அல்லது முன்பக்கம் வளர வளரப் பின்பக்கம் அழிந்துகொண்டே வரும். நீங்கள் பிளேயை அழுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

11 மே 2025

பங்கு பிரித்துக் கேட்டிருந்தீர்கள். மானிட்டரைத் தள்ளிவைத்துவிட்டு, கையிலுள்ள பணத்தை 100 பங்காக வைத்துக்கொண்டால் நான் இப்படிச் செலவழிப்பேன்: பிராசசருக்கு 22, மதர்போர்டுக்கு 13, ரேமுக்கு 18, இரண்டு எஸ்.எஸ்.டி.க்குச் சேர்த்து 15, கிராஃபிக்ஸ் கார்டுக்கு 18, பவர் சப்ளைக்கு 8, கேபினெட்டுக்கும் கூலருக்கும் 6. ரேம் 64 ஜி.பி. என்ற கணக்கில் இது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஜி.பி.யு.வைப் பயன்படுத்தும் எஃபெக்ட்டுகள் பல இருந்தாலும், ஷேப் லேயர், எழுத்து, மாஸ்க், எக்ஸ்பிரஷன் ஆகிய அன்றாட வேலைகள் பெரும்பாலும் பிராசசரையும் ரேமையும் நம்பியவை.

பிராசசராக ஏ.எம்.4 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 7 5700எக்ஸைச் சொல்வேன். எட்டு கோர், 65 வாட், அதற்குரிய டி.டி.ஆர்.4 (ரேமின் ஒரு தலைமுறை) போர்டுகளும் ரேமும் எளிதில் கிடைக்கின்றன.

11 மே 2025, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். ரேமை எப்போதும் இணையாக வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் மட்டும் போடும்போது, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுவதே பெரும்பாலான போர்டுகளின் வழக்கம், கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சேனலில் (பிராசசரையும் ரேமையும் இணைக்கும் தடம்) இரண்டையும் செருகிவிட்டால் ரேம் முழுவதும் தெரியும், ஆனால் அது தரவைக் கடத்தும் திறன் பாதியாகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது.

18 மே 2025

மே 11 குறிப்பில் சொன்ன ரைசன் 5700எக்ஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எடிட்டிங் செய்யும் வீடியோ எந்த வகை என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் பிராசசரைச் சொன்னது என் தவறு. உங்கள் கேமரா 10 பிட் 4:2:2 எச்.265 (வீடியோவை அழுத்திச் சேமிக்கும் ஒரு முறை) பதிவு செய்கிறது என்று இன்று எழுதியிருக்கிறீர்கள். அது எல்லாவற்றையும் மாற்றுகிறது.

4:2:0 முறையில் நிறத் தகவல் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் பாதியாகக் குறைக்கப்படுகிறது. 4:2:2 முறையில் கிடைமட்டத்தில் மட்டும்தான் குறைப்பு. பச்சைத் திரையை வெட்டியெடுக்கும்போது தலைமுடியின் விளிம்பு சுத்தமாக வருவதற்கு இந்த வேறுபாடு உதவும் என்பதால், உங்கள் கேமரா தேர்வு நல்ல தேர்வுதான். ஆனால் இந்த வகையை வன்பொருளிலேயே விரித்துக் காட்டும் வசதி எல்லாக் கணினியிலும் இல்லை. இன்டெல்லின் மேசைக் கணினிப் பிராசசர்களில் 11ஆம் தலைமுறையிலிருந்து உள்ளமைந்த கிராஃபிக்ஸில் இந்த வசதி இருக்கிறது. என்விடியாவில் இந்த ஆண்டு வந்த ஆர்.டி.எக்ஸ் 50 வரிசையில்தான் முதன்முதலாக வந்தது, அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் 4:2:2ஐ அது தொடாது. 5700எக்ஸில் உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. நீங்கள் முதலில் பார்த்த ஜியானிலும் கிடையாது. வசதி இல்லாத கணினியில் இந்த வீடியோவைப் பிராசசர்தான் சுமக்க வேண்டியிருக்கும், டைம்லைனில் இரண்டு அடுக்கு வைத்தாலே படம் விட்டுவிட்டு ஓடும்.

எனவே கோர் ஐ5-12500 அல்லது ஐ5-13500. இரண்டிலும் யு.எச்.டி. 770 கிராஃபிக்ஸ் உள்ளது, அதில் வீடியோவை விரிக்கும் எந்திரங்கள் இரண்டு. 12400இல் உள்ள யு.எச்.டி. 730இல் ஒன்றுதான். 13500இல் ஆறு வேகக் கோர்களும் எட்டுச் சிறு கோர்களும் சேர்ந்து 20 த்ரெட் கிடைக்கும். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து உள்ள பிராசசரை மட்டும் விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள், உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை என்பதைத்தான் அந்த எழுத்து குறிக்கிறது. 13, 14ஆம் தலைமுறையைச் சேர்ந்த சில பிராசசர்களில் மின்னழுத்தம் மிகுந்து நிலைகுலையும் சிக்கல் இருந்தது, 2024 ஆகஸ்டில் அதற்கான மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வந்தது. 13500 அவற்றில் சேராது, ஆனாலும் அதை வாங்கினால் மதர்போர்டின் பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) முதல் வேலையாகப் புதுப்பித்துவிடுங்கள்.

19 மே 2025

கேமராவில் எச்.264, எச்.265 இரண்டுமே 4:2:2இல் இருந்தால் எதைத் தேர்வது என்ற கேள்விக்கு: எச்.265. மேலே சொன்ன இன்டெல் வசதி எச்.265க்கு மட்டுமே பொருந்தும், 4:2:2 எச்.264 வந்தால் அதே பிராசசர் திணறும். ஏற்கெனவே எச்.264இல் பதிவான பழைய படப்பதிவுகளுக்குப் ப்ராக்ஸி (எடிட்டிங்கின்போது மட்டும் பயன்படுத்தும், எளிதில் ஓடும் பிரதி) செய்துகொள்ளுங்கள். ப்ராக்ஸி செய்வதைக் குறைவான கணினியின் அடையாளமாக நினைக்க வேண்டாம். பெரிய ஸ்டுடியோக்களிலும் அது நாள்தோறும் நடக்கும் வேலைதான்.

2 ஜூன் 2025

கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி மே 11இல் எழுதியதை இரண்டு வாரமாக மனத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பரிமாண மோஷன் கிராஃபிக்ஸுக்கு அது இன்னும் சரி. ஆனால் லோகோவை முப்பரிமாணத்தில் செய்ய பிளெண்டர் கற்றுக்கொண்டிருப்பதாக நீங்கள் எழுதிய பிறகு, அந்த 18 பங்கு போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். சைக்கிள்ஸ் ரெண்டரில் நடுத்தரக் கார்டு ஒன்றே ஆறு கோர் பிராசசரைப் பல மடங்கு பின்னுக்குத் தள்ளிவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் அட்வான்ஸ்டு 3டி ரெண்டரரும் ஜி.பி.யு.வில்தான் ஓடுகிறது.

இங்கே வேகத்துக்கு முன்பு பார்க்க வேண்டியது கார்டின் சொந்த நினைவகம். காட்சியின் வடிவங்களும் டெக்ஸ்சர்களும் (மேற்பரப்பில் ஒட்டும் படங்கள்) அதற்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் ரெண்டர் மிகவும் மெதுவாகும், அல்லது பிழை காட்டி நின்றுவிடும். அதனால்தான் 2021இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 3060இன் 12 ஜி.பி. வகையை, அதற்குப் பின் வந்த 8 ஜி.பி. 4060ஐவிட இந்த வேலைக்கு மேலாக மதிக்கிறேன். 4060 விளையாட்டில் வேகமானது, மின்சாரமும் குறைவாக, 170 வாட்டுக்குப் பதில் 115 வாட் எடுக்கிறது, ஏ.வி.1 என்ற புதிய முறையில் வீடியோவை அழுத்தும் வசதியும் அதில் உண்டு. ஆனால் நான் செய்த ஒரு நகரக் காட்சி 8 ஜி.பி. கார்டில் திறக்கவே மறுத்தது, டெக்ஸ்சர்களை எல்லாம் பாதி அளவாக்கிய பிறகுதான் ஓடியது. அரை நாள் அதில் போயிற்று.

பங்கை மாற்றி எழுதுகிறேன். கார்டுக்கு 28. அதற்கான பத்துப் பங்கைப் பிராசசரை 12500ஆக்கி மூன்றும், எஸ்.எஸ்.டி.யில் இரண்டும், ரேமை இப்போதைக்கு 16 ஜி.பி. ஸ்டிக் இரண்டாக, மொத்தம் 32 ஜி.பி.யாகக் குறைத்து ஐந்தும் எடுத்துக்கொள்ளலாம். பி760 போர்டில் (இந்த இன்டெல் பிராசசர்களுக்கான ஒரு மதர்போர்டு வகை) நான்கு ஸ்லாட்டும் டி.டி.ஆர்.4 வகையும் பார்த்து வாங்கினால், ஆறு மாதம் கழித்து இன்னோர் இணையைச் செருகிக்கொள்ளலாம்.

3 ஜூன் 2025

டி.டி.ஆர்.5 வாங்கினால் எதிர்காலத்துக்கு நல்லதில்லையா என்று கேட்டிருந்தீர்கள். பிறகு ரேம் சேர்க்கும் திட்டம் இருந்தால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான்கு ஸ்டிக் போட்டால் டி.டி.ஆர்.5இன் வேகம் பெரிதும் இறங்கும். ரைசன் 7000 வரிசைக்கு அதிகாரபூர்வமாகவே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600 என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

14 ஜூன் 2025

எஸ்.எஸ்.டி.யில் இரண்டு பங்கைக் குறைக்கச் சொன்னேன் அல்லவா, எங்கே குறைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

போன ஆண்டு 1 டி.பி. என்.வி.எம்.இ. (வேகமான இணைப்பு வகை) எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினேன். அட்டைப்பெட்டியில் விநாடிக்கு 3,500 எம்.பி. என்று அச்சிட்டிருந்தது. ஓர் ஆவணப்படத்தின் ப்ரோரெஸ் (எடிட்டிங்குக்கான பெரிய அளவு வீடியோ வகை) கோப்புகள் 300 ஜி.பி.யை மற்றொரு என்.வி.எம்.இ.யிலிருந்து அதற்கு நகலெடுத்தேன். முதல் ஒன்றரை நிமிடம் விண்டோஸின் நகல் சாளரத்தில் பச்சை வரைபடம் 2,200 எம்.பி.யில் மேசைபோலச் சமமாக நின்றது. மூன்றில் இரண்டு பங்கு முடிந்த இடத்தில் செங்குத்தாக விழுந்து 100 எம்.பி.யில் தரையோடு தரையாக ஓடத் தொடங்கியது. மிச்சமிருந்த 100 ஜி.பி.க்குப் பதினேழு நிமிடம். பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகமாக எழுதியிருக்கும்.

காரணம் இதுதான். ஒரு செல்லில் நான்கு பிட் எழுதும் கியூ.எல்.சி. வகைச் சிப்புகள் இயல்பில் மெதுவாக எழுதுபவை. காலியாக உள்ள செல்களில் தற்காலிகமாக ஒவ்வொரு பிட்டாக எழுதி வேகம் காட்டுகின்றன, அந்த இடம் தீர்ந்ததும் உண்மையான வேகம் வெளிப்படுகிறது. டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்தத் தற்காலிக இடமும் சுருங்கும். விண்டோஸும் மென்பொருள்களும் இருக்கும் டிஸ்க்குக்கு இது பாதகமில்லை. கேஷுக்கும் (மென்பொருள் தற்காலிகமாகச் சேமிக்கும் ஃப்ரேம்கள்) படப்பதிவுக்கும் வைக்கும் டிஸ்க், ஒரு செல்லில் மூன்று பிட் எழுதும் டி.எல்.சி. வகையாக, கூடுமானால் தனி டி-ராம் (டிஸ்க்குக்கென உள்ள நினைவகச் சிப்) உள்ளதாக இருக்கட்டும். 1080 அளவில், விநாடிக்கு 30 ஃப்ரேம் வீதம், ப்ரோரெஸ் 422 எச்.க்யூ. ஒரு மணி நேரத்துக்கு 99 ஜி.பி. வரும், 4கே என்றால் ஏறத்தாழ 400. இடத்தை அதை வைத்துக் கணக்கிடுங்கள். முடிந்த வேலைகளைத் தூக்கிவைக்கச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே போதும், ஆனால் இரண்டு பிரதி வேண்டும்.

29 ஜூன் 2025

மலிவான மதர்போர்டு வாங்கி 13 பங்கை எட்டாக்கலாமா என்று கேட்டால், பிராசசரைச் சுற்றியுள்ள மின்சுற்றைப் பாருங்கள் என்பேன். பிராசசருக்கு மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கும் அந்தப் பகுதிமேல் அலுமினியத் தகடு இல்லாத போர்டுகள் உண்டு. ஒரு நண்பருக்காகப் பன்னிரண்டு கோர் பிராசசரை அப்படிப்பட்ட போர்டில் பொருத்திக் கொடுத்தேன். ஐந்து நிமிடச் சோதனையில் எல்லாம் சரி. இரண்டு மணி நேர ரெண்டரில், பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு எல்லாக் கோர்களும் வேகத்தைக் குறைத்துக்கொண்டன. பிராசசரின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டவில்லை என்பதால் காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, ஒரு சிறு ஃபேனைக் கையால் அந்தச் சிப்புகளுக்கு நேராகப் பிடித்தேன், திரையில் வேகம் உடனே ஏறியது. விளையாட்டுக்காகக் கணினி சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்காமல் தப்பிக்கலாம், மணிக்கணக்கில் ரெண்டர் போடும் நாம் தப்பிக்க முடியாது.

பவர் சப்ளையை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் எந்தத் தரத்தில் உள்ளன என்பதைச் சொல்வதில்லை. உங்கள் பிராசசர் உச்சத்தில் 117 வாட், கார்டு 170 வாட். 550 வாட் போதும், 650 நிம்மதி.

13 ஜூலை 2025

ரெண்டரின் நடுவே மின்சாரம் போய் மூன்று மணி நேர வேலை அழிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். யு.பி.எஸ். வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நீண்ட ரெண்டரை ஒருபோதும் நேராக எம்.பி.4 கோப்பாக எடுக்காதீர்கள். அந்தக் கோப்பை வாசிக்கத் தேவையான அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படுகிறது, இடையில் நின்றால் உள்ளே உள்ள படங்கள் இருந்தும் திறக்காது. பி.என்.ஜி. அல்லது ஓபன் ஈ.எக்ஸ்.ஆர். படவரிசையாக எடுத்தால் 1,900ஆவது ஃப்ரேமில் நின்றாலும் 1,900இலிருந்தே தொடரலாம். பிறகு எஃப்.எஃப்.எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு வீடியோவாகக் கோர்ப்பது சில நிமிட வேலை.

பிளெண்டரில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. வெளியீட்டு அமைப்பில் ஓவர்ரைட்டை நீக்கிவிட்டு பிளேஸ்ஹோல்டர்ஸைத் தேர்ந்துகொண்டால், ஒரே பகிர்வுக் கோப்புறையை நோக்கி இரண்டு கணினிகளை ஓடவிடலாம், எடுக்கப்படாத ஃப்ரேமை ஒவ்வொன்றும் தானாக எடுத்துக்கொள்ளும்.

17 ஆகஸ்ட் 2025

கணினி சேர்ந்துவிட்டது, ஆனால் 4:2:2 வீடியோ இன்னும் விட்டுவிட்டு ஓடுகிறது என்று வந்த கடிதத்தைப் பார்த்ததும், என் பரிந்துரைதான் மறுபடியும் தவறோ என்று நினைத்தேன். நீங்கள் அனுப்பிய டாஸ்க் மேனேஜர் படத்தில் ஜி.பி.யு. ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு இருக்க வேண்டும். தனிக் கார்டு பொருத்தியதும் உள்ளமைந்த கிராஃபிக்ஸைச் சில போர்டுகள் தாமாகவே அணைத்துவிடும். பயாஸில் அதை இயக்கிவிட்டு, இன்டெல் டிரைவரையும் நிறுவுங்கள். மானிட்டர் கேபிள் கார்டிலேயே இருக்கட்டும்.

அதே படத்தில் ரேமின் வேகம் 2,666 என்று தெரிகிறது, நீங்கள் வாங்கியது 3,600. பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை (ரேமை அதன் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கும் வரை அது முழு வேகத்தில் ஓடாது.

18 ஆகஸ்ட் 2025

இரண்டும் சரியாயிற்று என்று அறிந்து மகிழ்ச்சி. மடிக்கணினியில் 52 நிமிடம் எடுத்த அதே ஒரு நிமிடக் காம்ப் இப்போது 11 நிமிடத்தில் முடிகிறது. அதைவிட, எழுத்தை இழுத்தால் எழுத்து கையோடு வருகிறது என்று நீங்கள் எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன்.

7 டிசம்பர் 2025

ஜூன் 2இல், இப்போதைக்கு 32 ஜி.பி. போதும், ஆறு மாதம் கழித்து இன்னோர் இணை வாங்கலாம் என்று சொன்னேன். அந்த ஆலோசனை தவறாகிவிட்டது, வருந்துகிறேன். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் இந்த ஆண்டின் கடைசி மாதங்களில் ரேமின் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஐந்து பங்கை மிச்சம் பிடிக்கப்போய், இன்று அதே இணைக்கு அதைவிட அதிகம் கொடுக்க வேண்டிய நிலை. மே 11இல் எழுதிய 64ஐ நான் மாற்றாமல் விட்டிருக்க வேண்டும்.

விலை இறங்கும் வரை 32 ஜி.பி.யை வைத்துச் சமாளிக்க வழி இருக்கிறது. பிரிவியூவைப் பாதி ரெசல்யூஷனில் ஓட்டுங்கள், நீளமும் அகலமும் பாதியாவதால் ஒரு ஃப்ரேமின் அளவு நான்கில் ஒன்றாகிறது. மே 9இல் கணக்கிட்ட அந்த 49.8 ஜி.பி. 4கே காம்ப் 12.4 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். முடிந்துபோன உட்காம்புகளை ப்ரீ-ரெண்டர் செய்து (முன்கூட்டியே வீடியோவாக எடுத்து) மாற்றிவையுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸை 25.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்குக் கொண்டுபோங்கள். டிஸ்க் கேஷில் உள்ள ஃப்ரேம்களையும் நேரடியாக வாசித்துப் பிரிவியூ ஓட்டும் வசதி அதில் வந்திருக்கிறது. அழுத்தாமல் கணக்கிட்டால் 16 பிட் 1080 காம்ப் விநாடிக்கு 415 எம்.பி., 4கே என்றால் 1,660 எம்.பி. சாட்டா (பழைய இணைப்பு வகை) எஸ்.எஸ்.டி. அதிகபட்சம் 550 எம்.பி.தான் தரும் என்பதால் கேஷ் கோப்புறை என்.வி.எம்.இ.யில்தான் இருக்க வேண்டும். ஜூன் 14இல் சொன்ன டி.எல்.சி. டிஸ்க் உங்களிடம் இருக்கிறது, கேஷை அதற்கு மாற்றி 200 ஜி.பி. ஒதுக்கிவிடுங்கள்.

9 டிசம்பர் 2025

அந்த 28 கோர் பெட்டி இன்னும் விற்காமல் இருக்கிறது, 64 ஜி.பி. ரேமோடு வருவதால் இப்போது வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். மே 4இல் இருந்ததைவிட இன்று அதற்கு மதிப்பு கூடியிருக்கிறது என்பது உண்மை. மேசைமேல் வைத்து வேலை செய்வதற்கு என்றால் என் பதில் மாறவில்லை. ஆனால் இரண்டாவது கணினியாக, திரைகூட இல்லாமல் ஒரு மூலையில் வைத்து, ஜூலை 13இல் சொன்ன பகிர்வுக் கோப்புறை முறையில் பிளெண்டர் ஃப்ரேம்களை எடுக்க மட்டும் என்றால், எனக்கு மறுப்பில்லை. பிராசசர்கள் இரண்டும் சேர்ந்து உச்சத்தில் 240 வாட் எடுக்கும். அதனால் மாதத்தில் எத்தனை இரவு ஓடும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் நிறுவிக்கொண்டால் மே 4இல் சொன்ன ஆதரவுச் சிக்கலும் இல்லை, பிளெண்டர் அங்கே நன்றாகவே ஓடுகிறது.

அதிலிருந்து ரேமை மட்டும் கழற்றி உங்கள் பி760 போர்டில் போடலாமா என்பதற்கு: முடியாது. அந்தப் பெட்டிகளில் வழக்கமாக இருப்பது சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு ஈ.சி.சி. ரேம். டி.டி.ஆர்.4 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும், ஸ்லாட்டில் பொருந்தினாலும், உங்கள் போர்டு அதைக் கொண்டு தொடங்காது.